வாடியது வேறு, அழுகியது வேறு: மிஞ்சிய காய்கறிகளை என்ன செய்யலாம்?

பொங்கல் முடிந்து இரண்டு மூன்று நாள் ஆனால் போதும், பல வீடுகளில் சமையலறை மூலையில் கொஞ்சம் காய்கறி மிஞ்சிக் கிடக்கும். பாதி வெட்டிய மஞ்சள் பூசணி, நாலைந்து சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தோல் சுருங்கிய கத்திரிக்காய், தலை தொங்கிப்போன ஒரு கட்டுக் கீரை. வாங்கும்போது கொடுத்த விலை நினைவில் இருக்கும். சமைக்கத்தான் மனம் வராது. "பழசாகிவிட்டது" என்று ஒரு சொல் சொல்லிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாசலில் வைத்துவிடுவோம்.

ஆனால் பழசான காய்கறிக்குத் தமிழில் ஒரு சொல் மட்டும் இல்லை. வாடியது, முற்றியது, கனிந்தது, முளைத்தது, பூசணம் பூத்தது, அழுகியது என்று நிலைக்கு ஒரு சொல்லை நம் வீட்டுப் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். சமைத்த பிறகு கெட்டால் அது ஊசியது. இந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்தாலே எதைச் சமைக்கலாம், எதைக் காய வைக்கலாம், எதைச் செடிக்குப் போடலாம், எதைத் தொடவே கூடாது என்பது பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

குப்பைக்குப் போவது எவ்வளவு?

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது. உணவகங்களும் கடைகளும் வீணாக்கியதைக் கூட்டினாலும் வீடுகளின் கணக்குக்குக் குறைவுதான்.

மலேசியாவில் தேசிய திடக்கழிவு மேலாண்மைத் துறை 2012இல் நடத்திய ஆய்வில், வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று தெரியவந்தது. நாட்டில் நாளொன்றுக்குச் சுமார் 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது என்றும், அதில் 4,000 டன் அளவுக்கு உண்ணத் தக்க நிலையிலேயே வீசப்படுகிறது என்றும் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகமான எஸ்டபள்யூ கார்ப் கூறி வந்திருக்கிறது.

இதை வீட்டுக் கணக்காகவும் பார்க்கலாம். வாரத்துக்கு 5 வெள்ளி மதிப்புள்ள காய்கறி குப்பைக்குப் போனால், ஆண்டுக்கு 260 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால், அது ஏறக்குறைய நான்கு நாள் உழைப்பு.

தோட்டத்தில் குப்பைத் தொட்டி தேவைப்படவில்லை

ஆங்கிலேயர் காலத் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி இருந்தது. குடும்பத்தோடு வாழும் தோட்டத் தொழிலாளிக்குக் காய்கறி பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்பது அது. எல்லாத் தோட்டங்களிலும் அது சரியாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு முருங்கை, நாலு வெண்டைச் செடி, ஒரு பந்தல், கோழிக் கூண்டு, முடிந்தவர்களுக்கு ஒரு மாட்டுக் கொட்டகை என்று இருந்தது.

அங்கே காய்கறித் தோல் மாட்டுக்குப் போனது. மாட்டுச் சாணம் செடிக்குப் போனது. முற்றிய காய் விதைக்கு நின்றது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை கெடாவுக்குள் நுழைந்த பிறகு அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே சோறாக இருந்த ஆண்டுகளைக் கண்ட தலைமுறைக்கு, உண்ணத் தக்கதை வீசுவது நினைத்துப் பார்க்க முடியாத செயல்.

பின்னர் பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1996இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போக, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மாறின. மாடும் கோழியும் பின்புறத் தோட்டமும் கூட வரவில்லை. அவை செய்த வேலையை இனி சமையலறையிலேயே ஓரளவு செய்துகொள்ள வேண்டும்.

வாடியது: தண்ணீர் குறைந்தது, அவ்வளவுதான்

காய்கறி வாடுவது என்றால் அதன் செல்களிலிருந்து நீர் வெளியேறிவிட்டது என்று பொருள். அது நோயல்ல, நஞ்சும் அல்ல. கீரை, கங்கோங், சாவி, கேரட், முள்ளங்கி, அவரை போன்றவற்றின் நுனியைக் கொஞ்சம் வெட்டிவிட்டு, குளிர்ந்த நீரில் 15 முதல் 30 நிமிடம் வரை போட்டு வைத்தால் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். நிமிராவிட்டாலும் சமைக்கலாம்.

வாடிய காய்க்குப் பொரியலைவிடக் குழம்பு வகை பொருந்தும். மொறுமொறுப்பு போய்விட்டதால், வேகவைத்து மசியும் சமையலில்தான் அது எடுபடும். சாம்பார், கூட்டு, அவியல், பருப்புக் கடையல் எல்லாம் அதற்கு ஏற்றவை. வடக்கு மாநிலங்களில் நாசி கண்டார் கடைகளில் ஊற்றித் தரும் டால்ச்சாவும் அப்படிப்பட்டதுதான். கத்திரிக்காய், கேரட், உருளைக்கிழங்கு என்று கையில் இருக்கும் காயெல்லாம் பருப்போடு சேர்ந்து வெந்து கரையும்.

கேரட், வெள்ளரி, முட்டைக்கோஸ், பயத்தங்காய் நான்கும் கொஞ்சம் கொஞ்சம் மிஞ்சினால் அச்சார் போடலாம். நீளவாக்கில் நறுக்கி, உப்புப் பிசறி அரை மணி நேரம் வைத்து, நீரைப் பிழிந்துவிட வேண்டும். மஞ்சள், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் அரைத்த விழுதை எண்ணெயில் வதக்கி, வினிகரும் கொஞ்சம் சர்க்கரையும் சேர்த்துக் கலந்து, வறுத்த நிலக்கடலைப் பொடியும் எள்ளும் தூவினால் ஆயிற்று. குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

தோலையும் மறக்க வேண்டாம். பீர்க்கங்காய்த் தோல், சௌசௌ தோல், வாழைக்காய்த் தோல் மூன்றும் துவையலுக்கு ஏற்றவை. நன்றாகக் கழுவி, எண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய், புளி, தேங்காயோடு அரைத்தால் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளலாம்.

முற்றியதும் கனிந்ததும்

முற்றிய வெண்டைக்காய் நார் நாராக இருக்கும். அதைச் சமையலில் போட்டு வருந்துவதைவிடக் காயவிட்டு விதை எடுக்கலாம். முற்றிய பயத்தங்காயை உரித்தால் உள்ளே பயறு இருக்கும். அதைக் குழம்பில் போடலாம். முற்றிய பீர்க்கங்காயைக் காயவைத்துத் தோலை நீக்கினால் உடம்பு தேய்க்கும் நார் கிடைக்கும். மஞ்சளாகிப்போன வெள்ளரியை விதை நீக்கிச் சாம்பாரில் போட்டால் பூசணி போலவே வேகும். கடையில் வாங்கும் பல காய்கள் வீரிய ஒட்டு ரகம் என்பதால், எடுத்த விதையிலிருந்து அதே தரத்தில் காய்க்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. வீட்டுத் தேவைக்கு முயன்று பார்ப்பதில் தவறில்லை.

கனிந்து குழைந்த தக்காளி ரசத்துக்கும் தொக்குக்கும் சட்டினிக்கும் மிக நல்லது. உடனே சமைக்க முடியாவிட்டால், கழுவித் துடைத்து முழுதாகவே உறைபெட்டியில் போட்டு வைக்கலாம். வெளியே எடுத்து நீரில் காட்டினால் தோல் தானாகக் கழன்றுவிடும். சிவந்துபோன பச்சை மிளகாயைக் காம்போடு வெயிலில் காயவைத்தால் வற்றல் மிளகாய்.

வற்றல்: கெடா வெயில் தரும் வாய்ப்பு

காய வைப்பதற்குக் கெடாவைவிட ஏற்ற மாநிலங்கள் தீபகற்பத்தில் குறைவு. இங்கே ஜனவரியும் பிப்ரவரியும் ஆண்டின் மிக வறண்ட மாதங்கள். பால்மரம் இலையுதிர்க்கும் பருவமும் இதையொட்டியே வருகிறது. பால் குறைந்து, மரம் வெட்டுவோரின் வருமானமும் சுருங்கும் மாதங்கள் அவை. வெயில் தாராளமாகவும் காசு இறுக்கமாகவும் இருக்கும் அந்தக் காலம் வற்றலுக்கு ஏற்ற காலம்.

கத்திரிக்காய், பாகற்காய், கொத்தவரங்காய், வெண்டைக்காய், சுண்டைக்காய் எல்லாம் வற்றலுக்கு ஏற்றவை. முறை எளிது:

கழுவி, அரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்க வேண்டும். உப்பும் மஞ்சளும் போட்ட கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, நீரை முழுதாக வடிக்க வேண்டும். முறத்திலோ சுத்தமான துணியிலோ ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்ப வேண்டும். ஈ உட்காராமல் மெல்லிய வலையால் மூட வேண்டும். பொழுது சாயுமுன் உள்ளே எடுத்து வைத்து, மறுநாள் மீண்டும் காயவைக்க வேண்டும். நல்ல வெயிலில் மூன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

ஒடித்தால் சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரம் உள்ள வற்றலைப் புட்டியில் அடைத்தால் பூசணம் பூக்கும். அப்படிப் பூத்ததை மறுபடி காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது.

பச்சை மிளகாய் மிஞ்சினால் மோர் மிளகாய். கீறி, உப்புப் போட்ட கெட்டி மோரில் இரண்டு மூன்று நாள் ஊறவிட வேண்டும். பிறகு பகலில் மிளகாயை மட்டும் காயவைத்து, இரவில் அதே மோரில் மீண்டும் போட வேண்டும். மோர் வற்றும்வரை இப்படிச் செய்து, கடைசியாக நன்றாக உலர்த்தி எடுக்க வேண்டும்.

முளைத்தது: உருளைக்கிழங்கில் எச்சரிக்கை

வெங்காயம், பூண்டு, இஞ்சி முளைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. சுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். முளைத்த இஞ்சியையும் சேப்பங்கிழங்கையும் தொட்டியில் நட்டுவிடலாம். சர்க்கரைவள்ளி முளைத்தால் அதன் கொழுந்து இலையைக் கீரையாகவே சமைக்கலாம்.

உருளைக்கிழங்கு அப்படியல்ல. வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமானாலோ முளைத்தாலோ அதில் சோலனின் என்ற நச்சுப் பொருள் கூடும். வேகவைத்தாலும் அது அழியாது. முளை சிறிதாக இருந்தால், முளையையும் பச்சைப் பகுதியையும் ஆழமாகச் செதுக்கி நீக்கிவிட்டுச் சமைக்கலாம். பெரும்பகுதி பச்சையாக இருந்தாலோ, கிழங்கு சுருங்கித் தளர்ந்திருந்தாலோ, வாயில் கசந்தாலோ வீசிவிடுவதே சரி. அதை ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூடப் போடக் கூடாது.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிய இரண்டு மூன்று நாளிலேயே உள்ளே நீலக் கருமைக் கோடுகள் ஓடத் தொடங்கும். வாங்கிய அன்றே தோல் நீக்கி வேகவைத்துவிடுவது நல்லது. பச்சையாக எந்த நிலையிலும் உண்ணக் கூடாது.

பூசணம் பூத்ததும் அழுகியதும்

இங்கேதான் சிக்கனம் நிற்க வேண்டிய இடம். முட்டைக்கோஸ், கேரட், குடைமிளகாய் போன்ற கெட்டியான காயில் ஓர் இடத்தில் மட்டும் பூசணம் இருந்தால், அதைச் சுற்றியும் கீழேயும் ஓர் அங்குலம் விட்டு வெட்டி எறிந்து, மீதியைப் பயன்படுத்தலாம். கத்தி பூசணத்தில் படக் கூடாது. தக்காளி, வெள்ளரி, கீரை போன்ற மென்மையான காய்களில் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். அவற்றை முழுதாக விலக்க வேண்டும். சர்க்கரைவள்ளியில் கரும்புள்ளியோடு கசப்பும் சேர்ந்தால் அதையும் விலக்க வேண்டும்.

கொழகொழவென்று பிசுபிசுத்தால், நீர் ஒழுகினால், புளித்த வாடை வந்தால் அது அழுகியது. கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அது மீளாது. குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நோயுற்றோர் இருக்கும் வீட்டில் சந்தேகமான காய்க்கு இடமே தரக் கூடாது.

சமைத்தது மிஞ்சினால்

நம் வெப்பநிலையில் சமைத்த உணவு விரைவில் கெடும். 5 முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் கிருமிகள் பெருக ஏற்றது. இரண்டு மணி நேரத்துக்குள் மிஞ்சிய கறியைத் தட்டையான சிறு பாத்திரங்களில் மாற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி ஆற வெகுநேரம் ஆகும்.

விருந்துக்கு மறுநாள் மிஞ்சிய சாம்பாரையும் கூட்டையும் பொரியலையும் ஒன்றாகச் சுண்ட வைத்து உண்பது நம் பழக்கம். ஒழுங்காகக் குளிரில் வைத்ததாக இருந்தால் அதில் தவறில்லை. ஆவி பறக்கக் கொதிக்கவிட்டு, அந்த வேளைக்கே தீர்த்துவிட வேண்டும். இரவு முழுக்க வெளியில் கிடந்ததைச் சுண்ட வைப்பது பாதுகாப்பல்ல. சூடு கிருமியைக் கொல்லும். ஆனால் சில கிருமிகள் ஏற்கெனவே கக்கிய நச்சு சூட்டில் அழியாது.

மண்ணுக்குப் போக வேண்டியது

உண்ண முடியாததற்கும் ஒரு பயன் உண்டு. குப்பைமேட்டில் காற்றில்லாமல் புதைந்து அழுகும் காய்கறி மீத்தேன் வாயுவை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். காற்றோட்டத்தோடு மட்கினால் அதுவே எரு.

கெடா வாசிகளுக்கு இதில் சட்டத் தொடர்பும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு மற்றும் பொதுத் துப்புரவு மேலாண்மைச் சட்டம் 2011 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மாநிலங்களில் கெடாவும் ஒன்று. அந்தச் சட்டத்தின்படி வீட்டுக் குப்பையைத் தரம் பிரிப்பது கட்டாயம். தவறினால் 1,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க முடியும். 2016 ஜூன் முதல் இதன் அமலாக்கம் தொடங்கியது. உணவுக் கழிவைத் தனியே எடுத்து மட்க வைக்கும் வீட்டில், தாளும் பிளாஸ்டிக்கும் நனையாமல் சுத்தமாக இருக்கும். தரம் பிரிப்பதும் எளிதாகும்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் வீட்டு உரத்தையும் இயற்கை வேளாண்மையையும் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. இந்தோனேசியாவின் சுராபாயா நகரில் 2004ஆம் ஆண்டு வாக்கில் ஜப்பானியரான கோஜி தாக்காகூரா உருவாக்கிய கூடை முறை, இட வசதி இல்லாத வீடுகளுக்காகவே வந்தது. துளையுள்ள கூடைக்குள் நெல் உமியும் தவிடும் கலந்து புளிக்கவைத்த கலவையை நிரப்பி, அதில் அன்றாடக் காய்கறிக் கழிவைக் கிளறிப் புதைப்பதுதான் அது. நெல் விளையும் கெடாவில் உமிக்கும் தவிடுக்கும் பஞ்சமில்லை.

அடுக்குமாடி வீட்டிலும் செய்யத் தக்க எளிய முறை இது:

மூடியுள்ள வாளி ஒன்றில் அடியிலும் பக்கத்திலும் சிறு துளைகள் இட வேண்டும். அடியில் காய்ந்த இலை அல்லது உமியை ஒரு சாண் உயரம் போட வேண்டும். நறுக்கிய காய்கறிக் கழிவு ஒரு பங்கு என்றால், காய்ந்த இலை, உமி, கிழித்த தாள் ஆகியவை இரண்டு பங்கு. தொடக்கத்தில் ஒரு கைப்பிடி தோட்ட மண்ணோ பழைய எருவோ சேர்த்தால் விரைவில் மட்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிழிந்த துணி அளவு ஈரம் போதும்.

வாடை வந்தால் ஈரம் அதிகம். உமி சேர்க்க வேண்டும். மட்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது. கொஞ்சம் நீர் தெளிக்க வேண்டும். மீன், இறைச்சி, எண்ணெய்க் கறி போட்டால் எலியும் புழுவும் வரும். வாளிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். இரண்டு மூன்று மாதத்தில் கருநிறத்தில் மண்வாசனையோடு எரு கிடைக்கும்.

பழத்தோலும் காய்த்தோலும் கொண்டு செய்யும் நொதிக் கரைசலும் நம் வட்டாரத்தில் அறியப்பட்டது. தாய்லாந்தைச் சேர்ந்த ரோசுகோன் பூம்பான்வோங் பரப்பிய இந்த முறையில் பழுப்புச் சர்க்கரை ஒரு பங்கு, கழிவு மூன்று பங்கு, நீர் பத்துப் பங்கு. மூன்று மாதம் ஊற வேண்டும். வாயு சேரும் என்பதால் கண்ணாடிப் புட்டியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் புட்டியில் வைத்து, முதல் மாதம் நாள்தோறும் மூடியைத் தளர்த்திவிட வேண்டும். தரை துடைக்கவும் சாக்கடை கழுவவும் பயன்படுத்தலாம். மருந்தாகக் குடிக்கவோ புண்ணில் தடவவோ கூடாது.

வாங்கும்போதே தொடங்குவது

பாசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் குவியல் போட்டு மலிவாக விற்பார்கள். அன்றும் மறுநாளும் சமைக்க முடிந்த அளவு வாங்கினால்தான் அது லாபம். வீட்டுக்கு வந்ததும் கீரையை ஈரம் போகத் தாளில் சுற்றி வைக்க வேண்டும். வெண்டைக்காயைக் கழுவாமல் வைக்க வேண்டும். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் தனித்தனியே, உருளையை இருட்டில் வைக்க வேண்டும். பழுக்கும் தக்காளியும் வாழைப்பழமும் எத்திலீன் வாயுவை வெளியிட்டு அருகிலுள்ள கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும் என்பதால் அவற்றைத் தள்ளி வைக்க வேண்டும்.

வாரத்தில் ஒரு நாள், அடுத்த சந்தைக்குப் போகுமுன், பெட்டியைத் திறந்து இருப்பதைப் பார்ப்பது நல்ல பழக்கம். வாடியது அன்றைய சாம்பாருக்கு, கனிந்தது ரசத்துக்கு, முற்றியது விதைக்கு, அழுகியது வாளிக்கு. கடைப் பட்டியலை அதன் பிறகு எழுதினால் போதும்.